ரோஷ்வேர் தோட்டத்துப் பேரிமரம்

ஷம்போர் அருகே,
11 மே 1998

அன்புள்ள கொரின்,

நீ தொலைபேசியைப் படாரென்று வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திரும்பக் கூப்பிட்டாலும் அப்படித்தான் வைப்பாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நீ கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது படிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

"அம்மாவைப் புதைச்சு ஆறு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள ஊர் சுத்தக் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டாய். பதில் சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன். சார்த்ர் வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. மாலை நாலு மணிக்குக் காப்பி போட்டால் கை தானாக இரண்டு கோப்பையை எடுத்து வைக்கிறது. ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போது ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்கப் பிடிக்காமல்தான் கிளம்பினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவமனையில் கடைசி வாரம் உன் அம்மா லுசெத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமேலாவது அந்த அரண்மனைங்களுக்கு உள்ள போய்ப் பாருங்க ஒக்தாவ். வாசல்லயே நின்னுட்டு வந்துடாதீங்க" என்றாள். காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னது உண்மைதானே. முப்பது வருடம் பஸ்ஸில் லுவார் ஆற்றங்கரை நெடுகச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு கோட்டைக்குள், ஒரு தோட்டத்துக்குள் காலடி வைத்ததில்லை. அவர்கள் உள்ளே போவார்கள், நான் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பின் இருக்கையில் தூங்குவேன். வீட்டுக்கு வந்ததும் லுசெத் கேட்பாள்: "உள்ள என்ன இருந்துச்சு?" நான் சொல்வேன்: "சுவரு."

நேற்று ஷம்போர் கோட்டைக்குள் போனேன். டிக்கெட் வாங்குமிடத்தில் இருந்த கிழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அட, பஸ்காரர் ஒக்தாவ்! தூங்க இடம் கிடைக்காம உள்ள வந்துட்டீங்களா?" என்று கத்தினார். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்ட இரண்டு படிக்கட்டு. ஒருவர் ஏறலாம், இன்னொருவர் இறங்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்காமலே போய்விடலாம். நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

அவசரமில்லாமல் போகிறேன். நாளைக்கு ஒரு தோட்டம், ஒரு நல்ல சாப்பாடு, ஒரு தூக்கம். பதினாறாம் தேதியிலிருந்து ரோஷ்வேர் கிராமத்தில் ஒரு விடுதியில் இருப்பேன். முகவரி பின்னால் இருக்கிறது. திட்டுவதானாலும் எழுது.

உன் அப்பா


ரென்,
14 மே 1998

அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டாம்.

உங்களுக்குக் காப்பிக் கோப்பைச் சத்தம் தாங்கவில்லை. எனக்கு என்னென்ன சத்தம் தாங்கவில்லை என்று கேட்டீர்களா? அம்மாவின் துணி, காகிதம், மருந்துச் சீட்டு எல்லாம் ஏழு அட்டைப்பெட்டியில் என் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. "நீ பாத்துக்க" என்று சாவியை என் கையில் திணித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பகல் முழுக்க ஓட்டத் தெரியாதவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் வந்து அம்மாவின் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பஸ்கால் உதவிக்கு வந்தால் அவர்மேல் எரிந்து விழுகிறேன். பாவம், என் புருஷன் என்பதைத் தவிர அவர் செய்த தப்பு எதுவும் இல்லை.

அம்மா சொன்னதால்தான் போனேன் என்கிறீர்கள். சரி. ஆனால் அவள் உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே? வருடத்தில் அவளுக்கு இருந்த ஒரே பயணம் பிப்ரவரி விடுமுறையில் சோமூரிலிருக்கும் ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்கு இரண்டு நாள். அதற்கும் நீங்கள் நிலையம் வரைகூடப் போனதில்லை.

ஒரு விஷயம். அந்த சோமூர் பெரியம்மாவுக்கு அம்மா இறந்ததைச் சொல்ல வேண்டும். முகவரிப் புத்தகத்தில் தேடினேன், சோமூரில் ஒருவர் பெயரும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

கொரின்


ரோஷ்வேர்,
18 மே 1998

கொரின்,

உட்கார்ந்து படி. நான் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், ஆனாலும் எழுத்து இப்படிக் கோணுகிறது.

சோமூரில் பெரியம்மா என்று யாரும் இல்லை.

ஷெனோன்சோ, விலாந்திரி அரண்மனைகளெல்லாம் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை இங்கே வந்தேன். ரோஷ்வேர், சோமூருக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன அரண்மனை. நாலு கோபுரம், ஒரு அகழி, பின்னால் சுவர் எழுப்பிய காய்கறித் தோட்டம். என் காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறை இங்கே வண்டி வரும். நிறுத்துமிடத்தில் ஒரு பெரிய லிண்டன் மரம், நல்ல நிழல். இந்த வழியில் நான் நன்றாகத் தூங்கிய இடம் இதுதான்.

இன்று காலை உள்ளே போனேன். காய்கறித் தோட்டத்தின் தெற்குச் சுவரில் வரிசையாகப் பேரிமரங்கள். கிளைகளைக் கம்பியில் கட்டிச் சுவரோடு சுவராகக் கைவிரித்து நிற்கும்படி வளர்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஈயத்தகட்டில் ரகத்தின் பெயர். படித்துக்கொண்டே போனேன். கடைசி மரத்தில் 'ரெமி' என்று இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பக்கத்தில் ஒரு பெண் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். கிஸ்லேன் என்று பெயர், இங்கே தலைமைத் தோட்டக்காரர். நாற்பது வயதிருக்கும். கேட்டேன்: "ரெமின்னு ஒரு பேரி ரகம் இருக்காம்மா?"

"அது ரகம் இல்லீங்க, பேரு. அது எங்க லுசெத்தம்மாவோட மரம்."

"எந்த லுசெத்?"

"சார்த்ர்லேர்ந்து வருவாங்க. ஸ்கூல் சமையலறையில வேலை பாத்தவங்க. நான் சின்னப் பொண்ணா இருந்த காலத்துலேர்ந்து பிப்ரவரியில வந்து ரெண்டு நாள் எங்க வீட்ல தங்கி, இந்த மரத்தை அவங்க கையாலதான் வெட்டிவிடுவாங்க. வேற யாரையும் தொட விடமாட்டாங்க."

உலகத்தில் வேறு லுசெத் இருக்கக்கூடாதா என்று தேடினேன். அந்தப் பெண் தானாகவே இடது கையைத் தூக்கிக் காட்டினார்: "இந்தச் சுண்டுவிரல்ல அவங்களுக்கு நகம் இருக்காது. ரொட்டி வெட்டுற மெஷின்ல போயிடுச்சாம். கத்தரிக்கோலை எப்படித்தான் பிடிப்பாங்களோ! இந்தத் தடவை உடம்புக்கு முடியல. ஸ்டூல் போட்டு உக்காந்துட்டுத்தான் வெட்டினாங்க. நீங்க அவங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"புருஷன்" என்றேன்.

அவர் கையிலிருந்த குச்சிகள் எல்லாம் கீழே விழுந்தன. "பஸ் ஓட்டுறவரா? வாசல்ல நிக்கிற பஸ்ஸுன்னு சொல்வாங்களே, அதுவா?" என்றார். பிறகு, "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். என் மனைவிக்காக, நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண், நான் அழாத அழுகை அழுதார். நான் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொரின், முப்பது வருடம். நான் தூங்கிய இடத்திலிருந்து அந்த மரம் முந்நூறு எட்டுகூட இருக்காது. இன்று மாலை எண்ணிப் பார்த்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இன்று என்னால் முடியாது.

அப்பா


ரென்,
19 மே 1998

அப்பா,

உங்களிடமிருந்து பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். காத்திருக்க முடியவில்லை.

ஐந்தாவது பெட்டியின் அடியில் உங்கள் குடும்பப் பதிவேடு இருந்தது. திருமணத்தன்று நகராட்சியில் கொடுப்பார்களே, அந்தச் சின்னப் புத்தகம். பள்ளியில் சேர்க்கும்போதும் என் கல்யாணத்தின்போதும் அம்மா அதை யார் கையிலும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவாள். இப்போதுதான் முதல் முறையாக என் கையில் எடுத்தேன்.

உங்கள் திருமணப் பக்கம் இருக்கிறது. 'இரண்டாம் குழந்தை' என்ற தலைப்பின் கீழ் என் பெயர் இருக்கிறது. இரண்டாம் குழந்தை! அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் அதற்கு முந்தைய இரண்டு தாள்களும் விளிம்பில் ஒட்டப்பட்டிருந்தன. தானாக ஒட்டியதல்ல, மாவுப் பசை. கெட்டிலில் வெந்நீர் வைத்து ஆவியில் காட்டிப் பிரித்தேன். அவசரத்தில் ஒரு மூலை கிழிந்துவிட்டது.

'முதல் குழந்தை. ஃபிர்மான். பிறப்பு 3 மார்ச் 1961. இறப்பு 5 மார்ச் 1961.'

முப்பத்துநாலு வருடமாக என்னை ஒரே பிள்ளை என்று சொல்லி வளர்த்தீர்கள். "எனக்கு ஏன் அண்ணன் இல்ல?" என்று எட்டு வயதில் கேட்டேன். நினைவிருக்கிறதா? நீங்கள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போனீர்கள். அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், சுத்தமான பாத்திரத்தை.

யார் இந்த ஃபிர்மான்?

கொரின்


ரென்,
20 மே 1998

அப்பா,

நான் நேற்று அனுப்பிய பிறகு உங்கள் பதினெட்டாம் தேதிக் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். பஸ்கால் வாங்கிப் படித்துவிட்டு எனக்கு ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார். மே மாதத்தில்! அவ்வளவு நடுங்கிக்கொண்டிருந்தேனாம்.

எனக்கு எண்ணத் தெரியவில்லை. ஃபிர்மான் ஒருவன், ரெமி ஒருவனா? இரண்டு பேரா? சொல்லுங்கள், இனி எதுவும் என்னை வீழ்த்திவிடாது.

அப்புறம் இன்னொன்று. எனக்கு ஆறு அல்லது ஏழு வயதில், ஒரு செப்டம்பரில் அம்மா என்னை எங்கேயோ ரயிலில் கூட்டிப் போனாள். பெரிய சுவர், வெயிலில் சூடான செங்கல். அம்மா ஒரு பேரிப்பழத்தைப் பறித்து என்னிடம் கொடுத்து, "ரெமி குடுத்தது, சிந்தாம சாப்பிடு" என்றாள். ரெமி என்பது தோட்டக்காரர் பெயர் என்று நினைத்தேன். யாரும் தென்படாததால் சுவரைப் பார்த்து "நன்றி ரெமி" என்று கத்தினேன். அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள்.

கொரின்


ரோஷ்வேர்,
24 மே 1998

மகளே,

ஒரே பிள்ளைதான். இரண்டு பெயர்.

உன் அம்மா அவனை ரெமி என்று கூப்பிட நினைத்திருந்தாள். வயிற்றில் இருக்கும்போதே அப்படித்தான் கூப்பிடுவாள். பிரசவத்தில் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்து நினைவு தப்பியது. குழந்தைக்கு மூச்சு சரியில்லை. நான் பதிவு செய்ய நகராட்சிக்கு ஓடினேன். குமாஸ்தா, "பேரு என்னங்க?" என்றார். எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை, கொரின். ரெமி என்று பதிந்துவிட்டால் அவள் ஆசையாக வைத்திருந்த பெயர் செத்துப்போகும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். அடுத்த பிள்ளைக்காக அதைப் பத்திரப்படுத்த நினைத்தேனோ என்னவோ. என் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் போய்விட்டான். லுசெத் மூன்று வாரம் கட்டிலில் கிடந்தாள். "இப்போ எதையும் சொல்லாதீங்க, தாங்கமாட்டாங்க" என்றார் டாக்டர். செவிலியர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நாங்களே பாத்துக்கறோம், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. நிறையப் பேர் அப்படித்தான் செய்யறாங்க" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. அவனை நான்தான் கொண்டுபோனேன். என் இரண்டு கையில். நான் பழுதுபார்க்கும் சாமான் வைத்திருக்கும் பெட்டி அவன் சவப்பெட்டியைவிடப் பெரியது. ஒரு பாதிரியார், ஒரு குழி வெட்டுபவர், நான். ஐந்து வருடக் கெடுவுக்குத்தான் இடம் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு குழியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து வருடம் என்றால் ஆயுசு முழுக்க என்று அன்றைக்குத் தோன்றியது.

லுசெத்துக்கு நினைவு வந்து, "எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரியிலேயே பாத்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். உடம்பு தேறியதும் உண்மையைச் சொல்லலாம் என்றிருந்தேன். தேறினாள். அடுத்த வசந்தத்தில் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம் நீ வயிற்றில் வந்தாய். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு மாதமும் அந்தப் பொய் ஒரு கல் உயர்ந்தது. எனக்கே ஏறித் தாண்ட முடியாத உயரம் ஆகிவிட்டது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நான் நிம்மதிப்பட்டேன். என்ன மனிதன் நான்!

அந்தக் காலத்தில் அந்த ஊரில்தான், நீ பிறந்த ஊரில், குடியிருந்தோம்; சார்த்ருக்குப் பிறகுதான் வந்தோம். ஆண்டுதோறும் நவம்பர் முதல் தேதி, எல்லோரும் கல்லறைக்குப் பூ கொண்டுபோகும் நாளில், வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு ஒரு தொட்டி சாமந்தியோடு போவேன். ஐந்து வருடம் போனேன். ஆறாவது வருடம், அறுபத்தாறில், போனால் அவன் இருந்த இடத்தில் வேறொருவரின் கல் நிற்கிறது. புதுக் கல், பளபளவென்று. கெடு முடிந்துவிட்டது. எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்கத் தைரியமில்லை. கேட்டால் பொதுக்குழியில் போட்டோம் என்பார்கள். அதை என் காது கேட்கவேண்டாம் என்று சாமந்தியை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். ஆமாம், ஓடினேன். அப்போது வயது முப்பத்துநாலு, உன் இப்போதைய வயது.

அதற்குப் பிறகு லுசெத்திடம் என்ன சொல்ல முடியும்? உன் பிள்ளையை நான்தான் புதைத்தேன், பிறகு தொலைத்தும் விட்டேன் என்றா?

அவளுக்குக் கல்லறை தெரியாததால்தான் பாவம், ஒரு மரத்தைத் தேடிப் போயிருக்கிறாள். அது என்னால். இந்த ஒரு வாரமாகக் காலையும் மாலையும் அந்த மரத்தின் முன்னால் போய் நிற்கிறேன். கிஸ்லேன் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். என்னால் அதில் உட்கார முடியவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டியவளிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அப்பா


ரென்,
2 ஜூன் 1998

அப்பா,

ஒன்பது நாள் எழுதவில்லை. முதல் மூன்று நாள் கோபம். உங்கள்மேல், அம்மாமேல், அந்த டாக்டர்மேல், எல்லோர்மேலும். நாலாவது நாள் ஒரு மாணவிக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தால் இந்த மூக்குதான் இருந்திருக்குமோ என்று தோன்றியது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

நேற்று விடுப்புப் போட்டுவிட்டு நான் பிறந்த அந்த ஊருக்குப் போனேன். நீங்கள் நுழையாத அந்தக் கல்லறை அலுவலகத்துக்குள் நுழைந்தேன். பொதுக்குழி என்றால் பொதுக்குழி, அதையாவது பார்த்து ஒரு பூ வைக்கலாம் என்றுதான் போனேன்.

அங்கே ஒரு இளம்பெண். பெயரும் தேதியும் சொன்னேன். உள்ளே போய் ஒரு பழைய பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விரலால் கோடு கோடாக இறங்கி, ஒரு வரியில் நின்று, என்னைப் பார்த்தாள்.

"உங்க குடும்பத்துல யாரும் சொல்லலியா?"

"என்ன சொல்லணும்?"

"பொதுக்குழிக்குப் போகலீங்க. வாங்கிட்டுப் போயிருக்காங்க."

பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். அப்பா, அந்த வரியை எழுத்துப் பிசகாமல் இங்கே எடுத்து எழுதுகிறேன்:

'கெடு முடிவு குறித்து வீட்டு முகவரிக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. 22 மார்ச் 1966 அன்று தாயார் நேரில் வந்து எச்சங்களைப் பெற்றுக்கொண்டார். மறு அடக்கம்: சோமூர் வட்டாரம், குடும்ப இடம்.'

கீழே அம்மாவின் கையெழுத்து. மளிகைச் சீட்டிலும் என் பள்ளி அறிக்கையிலும் நான் ஆயிரம் முறை பார்த்த அதே சாய்ந்த எழுத்து.

அறிவிப்பு வந்திருக்கிறது, அப்பா. நீங்கள் வண்டியில் இருந்த ஏதோ ஒரு நாளில் வந்திருக்கிறது. அவள் பிரித்திருக்கிறாள். உங்கள் பெயரைப் பார்த்திருக்கிறாள். நீங்களே புதைத்தீர்கள், நீங்களே ஐந்து வருடம் இடம் வாங்கினீர்கள் என்று அந்த ஒரு காகிதத்திலிருந்தே தெரிந்துகொண்டிருக்கிறாள். கேட்பதை ஏன் நிறுத்தினாள் என்று இப்போது புரிகிறதா? முப்பத்திரண்டு வருடம் உங்கள் பொய்யை அவள் தெரிந்தே வைத்திருந்தாள்.

சோமூர் வட்டாரத்தில் நமக்கு ஏது குடும்ப இடம்? அம்மா சோமூருக்கு என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் ரோஷ்வேருக்குத்தானே. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அது வெறும் மரம் இல்லை, அப்பா. அவன் அங்கே இருக்கிறான்.

கிஸ்லேனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே எழுதுங்கள். எனக்குத் தூக்கம் இல்லை.

கொரின்


ரோஷ்வேர்,
5 ஜூன் 1998

என் கொரின்,

உன் கடிதத்தை விடுதிக்காரம்மா காலைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தார். படித்து முடித்தபோது ரொட்டியை எப்போது கையில் எடுத்தேன் என்று தெரியவில்லை, விரலிடுக்கெல்லாம் வெண்ணெய். தோட்டம் திறக்கும்வரை வாசலில் நின்றேன்.

கடிதத்தைக் கிஸ்லேனிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். "எச்சங்கள்" என்ற வரி வந்திருக்க வேண்டும், சட்டென்று பின்னால் திரும்பி அந்த மரத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். "சத்தியமா தெரியாது. ஆனா எங்க அப்பா ஒனோரேவுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஒனோரேதான் அந்தக் காலத்துத் தலைமைத் தோட்டக்காரர், போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. 1965 கோடையில் எங்கள் கம்பெனி ஓட்டுநர்களின் குடும்பங்களை எல்லாம் ஒரு நாள் இங்கே கூட்டிவந்தோம். அன்றும் நான் வண்டியில் தூங்கினேன். லுசெத் உள்ளே போய் இந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்து அழுதிருக்கிறாள். ஒனோரே என்னவென்று கேட்டிருக்கிறார். எனக்கு நாலு வருடம் பழகிய அவள் துக்கத்தை, முதல்முறை பார்த்த ஒரு மனிதர் கேட்டிருக்கிறார்.

கிஸ்லேனுக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்த வருடம் மார்ச் கடைசியில் லுசெத் வந்தது அவருக்கு நினைவிருக்கிறது. "ஒரு கையில சந்தைக் கூடை, மேல துணி போத்தியிருந்துச்சு. இன்னொரு கையில ரெண்டு வயசுப் பொண்ணு. என்னைக் கூப்பிட்டு, 'இந்தப் பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் முயல் குட்டியைக் காட்டு'ன்னு எங்க அப்பா அனுப்பிட்டாரு. நாங்க திரும்பி வர்றப்ப மரம் நட்டாச்சு."

அந்தப் பாப்பா நீ. உன் அண்ணனின் இரண்டாவது அடக்கத்துக்கு நீ போயிருக்கிறாய். நான்தான் போகவில்லை.

"அந்த மரத்தடியில மண்வெட்டியே படக்கூடாதும்பாரு அப்பா" என்றார் கிஸ்லேன். "ஏன்னு கேட்டா, வேரு மேலாப்புல ஓடுதுன்னு சொல்வாரு. நானும் இத்தனை வருஷமா எங்கிட்ட வேலைக்கு வர்றவங்களுக்கு அதையே சொல்லிட்டிருக்கேன்."

பிறகு தயங்கினார். சொல்லலாமா வேண்டாமா என்று கையுறையைக் கழற்றினார், மாட்டினார். "ஒரு தடவை நான் லுசெத்தம்மாகிட்டக் கேட்டேன். சார்த்ர் பக்கத்துலயே மரம் நட்டிருக்கலாமே, ஏன் இவ்ளோ தூரம்னு. அவங்க சொன்னாங்க: 'இங்கதாம்மா வாரத்துக்கு ரெண்டு தடவை இவனோட அப்பா வர்றாரு. பக்கத்துலயே இருக்கட்டும். என்னைக்காவது ஒருநாள் உள்ள வருவாரு.' நான் அப்போ அது யாரோட அப்பான்னு கேக்கல. மரத்தைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சு, வயசாயிடுச்சுன்னு மனசுக்குள்ள சிரிச்சேன்."

கொரின், என்னைத் திட்டியிருக்கலாம் அவள். அந்த அறிவிப்பை என் முகத்தில் வீசியிருக்கலாம். நான் பொய்யைச் சுமந்தேன் என்று இத்தனை நாள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் பொய்யையும் சேர்த்து அல்லவா சுமந்திருக்கிறாள், அவனையும் கூடையில் வைத்துக்கொண்டு, உன்னையும் கையில் பிடித்துக்கொண்டு.

நாள் முழுக்க அங்கேயே இருந்தேன். நாற்காலியில் இல்லை, மண்ணில். அவனிடம் என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். நிறையப் பேசினேன். கிஸ்லேன் மதியம் ஒரு தட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்துவிட்டுப் போனார். சுற்றுலா வந்தவர்கள் கிழவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆறரை மணிக்குத் தோட்டம் மூடும் மணி அடித்தது. எல்லோரும் போய்விட்டார்கள், நான் கடைசியாக வாசலுக்கு வந்தேன். வாசல் காவலுக்கு ஒரு புது இளைஞர், என்னைத் தெரியாது. கதவைச் சாத்தப் போனவர் கேட்டார்: "உங்களோட வந்தவங்க எல்லாரும் வெளிய வந்தாச்சா ஐயா? உள்ள யாராவது இருக்காங்களா?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "என் பையன் இருக்கான்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பையனா! விட்டுட்டா வந்தீங்க? அகழித் தண்ணி வேற இருக்கே!" என்று சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். "எங்க கடைசியாப் பாத்தீங்க? என்ன கலர் சட்டை? வயசு என்ன?"

"முப்பத்தேழு" என்றேன்.

அவர் விசிலைக் கீழே இறக்கினார். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார், நல்ல பிள்ளை, கேலியாக இல்லை. "பயமுறுத்திட்டீங்களே! பெரிய ஆளுதானே, அவரே வந்துடுவாரு. நீங்க போய் வண்டியில உக்காருங்க ஐயா."

நான் போய் வண்டியில் உட்காரவில்லை. அதைத்தானே முப்பது வருடம் செய்தேன். அங்கேயே வாசல் கல்லில் உட்கார்ந்து, உன் அம்மாவைப் புதைத்த அன்று வராத அழுகையை, அவனைப் புதைத்த அன்றும் வராத அழுகையை, அந்த இளைஞர் பயந்துபோய்க் கிஸ்லேனைக் கூப்பிட ஓடும் அளவுக்கு அழுதேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறாயா? பதினொரு மணிக்கு ஒரு ரயில் சோமூர் வருகிறது. பஸ்காலையும் கூட்டிக்கொண்டு வா. நான் உள்ளே அவனோடு இருப்பேன். தெற்குச் சுவர், கடைசி மரம். கிஸ்லேன் வந்து உங்களை நிலையத்திலிருந்து கூட்டிவருவார்.

அப்பா